சிறுவாட்டுக்கு ஒரு தீர்ப்பு

2016 நவம்பர் 8-ம் தேதி இரவு, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் தொலைக்காட்சியில் சொல்லி முடித்தபோது, ஈரோடு பக்கத்துக் கிராமத்து வீடு ஒன்றில் ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமியார் மட்டும் பேசவில்லை. எழுந்துபோய் சமையலறை விளக்கைப் போட்டார். அணைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம், ஆண்கள் தோட்டத்துக்குப் போன பிறகு, மருமகளைக் கூப்பிட்டார். அரிசி டிரம்முக்குள் கையை விட்டு ஒரு துணிப்பையை எடுத்தார். மஞ்சள்தூள் டப்பாவின் அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர். பழைய கூறைப்புடவை மடிப்புக்குள் இருந்து ஒரு முடிச்சு. இருவரும் தரையில் உட்கார்ந்து எண்ணினார்கள். 1,94,500 ரூபாய்.

"எத்தனை வருசத்துக் காசுங்கத்தை இது?"

"கண்ணாலமாகி வந்ததுல இருந்துதான் கண்ணு."

காய்கறிக்காரியிடம் பேரம் பேசி மிச்சம் பிடித்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அண்ணன் கையில் வைத்தது. துவைக்கப் போடும் சட்டைப் பையில் கிடந்தது. சில்லறை கொஞ்சம் சேர்ந்ததும் மளிகைக் கடையில் கொடுத்துப் பெரிய நோட்டாக மாற்றிக்கொள்வார். இதற்குத் தமிழில் அழகான ஒரு சொல் இருக்கிறது: சிறுவாடு. யாருக்கும் சொல்லாமல் சேர்ப்பதால்தான் அது சிறுவாடு. சொல்லிவிட்டால் அது குடும்பப் பணம்.

அன்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. மாமனார் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சில வருடங்களுக்கு முன் போர் போடப் பணமில்லாமல் மனைவியின் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்திருந்தார். "அன்னைக்கு ஒத்தை ரூவா இல்லைன்னியே" என்று மட்டும் கேட்டார். பிறகு பல நாள் சரியாகப் பேசவில்லை. மகள் பிரசவத்துக்கு வந்தால் யாரிடமும் கை நீட்டாமல் செய்ய வேண்டும் என்று வைத்திருந்த பணம் அது என்பதை மாமியார் அவரிடம் சொல்லவே இல்லை. மருமகளிடம்தான் சொன்னார், அதுவும் வங்கி வரிசையில் நிற்கும்போது.

பணம் கணக்கில் ஏறியது. 50,000 ரூபாய்க்கு மேல் என்பதால் பான் எண் கேட்டார்கள், இருந்தது, கொடுத்தார்கள். வாய் திறந்து ஒரு பேச்சும் வராத வீட்டில், பயம் மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது. தபால்காரர் வந்தாலே மாமியாருக்குக் கை நடுங்கும். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அரிசி டிரம்முக்கு ரசீது எங்கே போவது?

பயம் காரணமில்லாததும் அல்ல. வருமான வரிச் சட்டத்தின் 69ஏ பிரிவு, ஒருவரிடம் இருக்கும் பணத்துக்கு மூலம் சொல்ல முடியாவிட்டாலோ, சொன்ன விளக்கம் அதிகாரிக்குத் திருப்தி தராவிட்டாலோ, அதை அவருடைய அந்த ஆண்டு வருமானமாகவே கருத இடம் தந்தது. அப்படிக் கருதப்பட்ட பணத்துக்கு 115பிபிஇ பிரிவில் வரி. பணமதிப்பிழப்பு நடந்துகொண்டிருந்த டிசம்பர் மாதமே அந்த வரியை 60 சதவிகிதமாக உயர்த்தினார்கள். சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்தால் 77.25 சதவிகிதம். சாதாரண வருமானத்துக்கு அப்போது இருந்த 2.5 லட்சம் விலக்கெல்லாம் இங்கே செல்லவில்லை.

இல்லத்தரசிகள், தொழிலாளர்கள், கைவினைஞர்கள் செலுத்தும் சிறு தொகைகளைக் கேள்வி கேட்க மாட்டோம் என்று 2016 நவம்பரிலேயே அரசு சொன்னது உண்மை. 2017 பிப்ரவரியில் நேரடி வரிகள் வாரியமும் தன் அதிகாரிகளுக்கு எழுதியது: தொழில் வருமானம் இல்லாத தனிநபர் 2.5 லட்சம் வரை செலுத்தியிருந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டாம். 70 வயதைத் தாண்டியவருக்கு 5 லட்சம் வரை. ஆனால் காகிதத்தில் இருப்பது எல்லா மேஜைக்கும் போய்ச் சேர்ந்துவிடுமா என்ன?

ஒரு மேஜைக்குப் போய்ச் சேரவில்லை. அந்தக் கதையை மருமகள் தெரிந்துகொண்டது 2021 ஜூனில். ஊரடங்கில் ஆடிட்டர் அலுவலகம் மூடியிருந்தது. கணக்கு எழுதும் வேலையை வீட்டிலிருந்தே செய்துகொண்டிருந்தார். வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஆக்ரா அமர்வு தந்த ஓர் உத்தரவு அவர் போனுக்கு வந்தது. படித்தவர் எழுந்துபோய் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வட இந்திய இல்லத்தரசி ஒருவர். அந்த ஆண்டுக்கு 1,30,810 ரூபாய் வருமானம் காட்டியிருந்தார். பணமதிப்பிழப்பின்போது வங்கியில் 2,11,500 ரூபாய் செலுத்தியிருந்தார். கணவரும் மகனும் உறவினர்களும் அவ்வப்போது கொடுத்ததைச் சேர்த்து வைத்தேன் என்றார். மதிப்பீட்டு அதிகாரி நம்பவில்லை. முழுத் தொகையையும் 69ஏ-யில் சேர்த்தார். 77.25 சதவிகிதத்தில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1,63,000 ரூபாய் வரி. முதல் மேல்முறையீட்டிலும் தோற்றார். இரண்டு லட்சத்துக்காக ஆக்ரா வரை போனார் அந்த அம்மா. இப்படிப் போகாமல் கட்டிவிட்டு வாய் மூடிக்கொண்டவர்கள் எத்தனை பேரோ.

தீர்ப்பாயம் அந்தத் தொகையை நீக்கியது. அதைவிட, நீக்கியதற்குச் சொன்ன விளக்கம்தான் மருமகளை நிறுத்தியது. காய்கறி வியாபாரி, தையல்காரர், மளிகைக்காரர் என்று எல்லோரிடமும் பேரம் பேசி மிச்சம் பிடித்தது, பண்டிகைக்கு உறவினர்கள் கொடுத்தது, துவைக்கப் போன பேன்ட் பையில் இருந்த சில்லறை என்று உத்தரவு வரிசையாகச் சொல்கிறது. அரிசி டிரம் மட்டும்தான் அதில் இல்லை. பல காலம் இப்படிச் சேர்ந்த பணத்தை அந்தச் சில வாரங்களில் வங்கியில் போடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. போட்டார்கள் என்பதாலேயே அது அந்த ஆண்டின் கணக்கில் வராத வருமானம் ஆகிவிடாது என்றது தீர்ப்பாயம்.

இந்த வழிக்கு ஒரு பழைய வேரும் உண்டு. நிலம் வாங்கிய கேரளப் பெண் ஒருவரின் வழக்கு 1997-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பணம் எப்படி வந்தது என்று அவர் சொன்ன விளக்கத்தை அதிகாரி ஏற்கவில்லை. வாங்கும்போது அவருக்கு 20 வயதுதான். அந்த வயதில், அவருடைய சூழலில், அத்தனை பணம் சம்பாதித்திருக்கவே முடியாது என்றது தீர்ப்பாயம். உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. 69-ம் பிரிவு 'கருதலாம்' என்றுதான் சொன்னது, 'கருத வேண்டும்' என்றில்லை. மசோதாவில் முதலில் இருந்தது 'வேண்டும்'. தேர்வுக் குழு அதை 'லாம்' ஆக்கியது. விளக்கம் பிடிக்கவில்லை என்பதாலேயே வருமானம் என்று முடிவுகட்டிவிட முடியாது என்பது அந்த ஒற்றை 'லாம்' கொடுத்த பாதுகாப்பு. 69ஏ-யிலும் அதே சொல்தான் இருந்தது.

ஆக்ரா உத்தரவை எல்லாவற்றுக்கும் கேடயமாக நினைத்துவிடக் கூடாது. இல்லத்தரசிகள், 2016 பணமதிப்பிழப்பு, 2.5 லட்சம் வரை என்று அதுவே எல்லை போட்டுக்கொண்டது. அடுத்தவர் பணத்தைத் தன் கணக்கில் போட்டுக்கொடுத்தவருக்கு அதில் இடமில்லை. இன்னொரு விஷயம் நிறைய வீடுகளில் தெரியாது: கணவர் மனைவிக்குக் கொடுக்கும் பணத்துக்கு வரி இல்லை, ஆனால் அதை டெபாசிட்டில் போட்டு வரும் வட்டி கணவரின் வருமானத்தோடுதான் சேரும்.

77 சதவிகிதக் கதையும் இன்னும் முடிந்தபாடில்லை. உயர்த்தப்பட்ட 60 சதவிகிதம் 2017 ஏப்ரல் 1-க்குப் பிந்தைய பரிவர்த்தனைகளுக்குத்தான் பொருந்தும் என்று 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. கேரள உயர் நீதிமன்றம் அதற்கு முன்பே வேறு மாதிரி சொல்லியிருந்தது. ஒரே நாள், ஒரே நோட்டு. பாலக்காட்டில் ஒரு கணக்கு, பொள்ளாச்சியில் ஒரு கணக்கு.

மருமகள் இதையெல்லாம் அன்று சொல்லவில்லை. ஆக்ரா அம்மாவின் கதையை மட்டும் சொன்னார். அதே ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் எடுத்துக்காட்டிய கணக்கையும் சொன்னார்: சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு ஒரு பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார், ஆண் 97 நிமிடம்.

மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். நிமிடக் கணக்கு அவருக்குச் சுவாரசியமாக இல்லை.

"கோர்ட்டுல அவ பேரைக் கூப்பிட்டு, இவ்வளவு காசு சேத்துனான்னு எல்லாரும் முன்னாடியும் படிச்சாங்களா?"

"உத்தரவுல இருக்குதுங்கத்தை."

"அவ வூட்டுக்காரர் அவகிட்டப் பேசுனாராமா?"

அது உத்தரவில் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து வேறொன்று கேட்டார். கணக்கில் இருக்கும் பணத்தை எடுத்தால் யாருக்குத் தெரியும்? 2016-ல் அவசரத்தில் மகனின் செல்போன் எண்ணைத்தான் வங்கியில் கொடுத்திருந்தார்கள். 200 ரூபாய் எடுத்தாலும் தோட்டத்தில் இருக்கும் மகனின் பையில் போன் சத்தம் போடும். சாயங்காலம், "எதுக்கும்மா எடுத்தீங்க?" என்பான். அன்பாகத்தான் கேட்பான். மகள் பிரசவத்துக்கு வந்து போனபோதும் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தது மகன்தான். அண்ணன் செய்தான் என்றுதான் மகளும் நினைத்திருக்கிறாள்.

ஊரடங்கு தளர்ந்த மாதம், மாமியாரும் மருமகளும் மஞ்சள் மண்டிக்குப் போகிற பஸ்ஸில் ஏறி வங்கி வாசலில் இறங்கினார்கள். செல்போன் எண்ணை மாற்றும் படிவத்தை மருமகள் நிரப்பினார். கட்டத்துக்கு ஓர் எண்ணாக, மாமியாரின் பட்டன் போன் நம்பர். கையெழுத்துப் போடும் இடத்தில் மாமியார் தானே பேனாவை வாங்கிக்கொண்டார்.

"இதை அவுங்களுக்குச் சொல்லோணுமா கண்ணு?"

"வங்கிக்காரங்க சொல்ல மாட்டாங்கத்தை" என்றார் மருமகள்.