குலமும் களமும்

ஓட்டப் பந்தயத்தில் முந்தியவன் யார் என்பதை எல்லைக்கோடு சொல்லிவிடும். எடை தூக்குவோரில் வல்லவன் யார் என்பதை இரும்பே சொல்லிவிடும். ஆனால் எல்லா ஆட்டங்களும் இவ்வாறு தம் தீர்ப்பைத் தாமே வழங்கிவிடுவதில்லை. சிலவற்றில் ஆடுவோர் களத்தில் நிற்க, வல்லவர் இன்னார் என அறிவிப்போர் களத்துக்கு வெளியே அமர்ந்திருக்கின்றனர். அமெரிக்கப் பல்கலைக்கழகக் காற்பந்து அத்தகைய ஓர் ஆட்டம்.

உலகக் கிண்ணத்துக்காக ஆடப்படும் காற்பந்து அன்று இது. இருமுனையும் கூம்பிய பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியினரை மோதி விலக்கி முன்னேறும் ஆட்டம். இதன் உயர்பிரிவில் 130க்கும் மேற்பட்ட பல்கலைக்கழக அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் வழக்கமான பருவத்தில் ஆடுவதோ ஏறத்தாழ 12 ஆட்டங்களே. அவற்றுள்ளும் எட்டோ ஒன்பதோ தன் கூட்டமைப்புக்குள்ளேயே முடிந்துவிடும். கூட்டமைப்பு என்பது வட்டாரத்தாலும் வரலாற்றாலும் வருவாயாலும் இணைந்த பல்கலைக்கழகங்களின் குடும்பம். தென்கிழக்குக் கூட்டமைப்பு போன்ற சில, செல்வமும் செல்வாக்கும் மிக்கவை. வேறு சில எளியவை.

ஆகவே ஒரு குடும்பத்து அணி மற்றொரு குடும்பத்து அணியைச் சந்திக்கும் வாய்ப்புக் குறைவு. சந்திக்காத இருவருள் வல்லவர் யார்? இவ்வினாவுக்கு விடை தேடிப் பிறந்ததே தரவரிசை. 1936இல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் செய்தியாளர்களின் வாக்கைத் திரட்டி வாரந்தோறும் அணிகளை வரிசைப்படுத்தத் தொடங்கியது. 1950இல் பயிற்றுநர்களின் வாக்கெடுப்பும் சேர்ந்தது. 1998 முதல் 2013ஆம் ஆண்டுப் பருவம் வரை, வாக்குகளோடு கணினிக் கணக்கையும் கலந்து இறுதியாட்டத்துக்குரிய இரண்டு அணிகளைத் தேர்ந்தனர். 2014ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து அப்பொறுப்பு 13 பேர் கொண்ட தேர்வுக் குழுவிடம் வந்தது. அக்குழு தொடக்கத்தில் நான்கு அணிகளைத் தேர்ந்தது.

இங்கேதான் ஐயம் முளைக்கிறது. செய்தியாளர்களின் வரிசை, பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. சென்ற ஆண்டுகளின் புகழே அதற்கு அடிப்படை. புகழ்மிக்க கூட்டமைப்பின் அணிகள் பல அதில் மேலிடம் பெறுகின்றன. பின்னர் அவை தமக்குள் மோதுகின்றன. வென்ற அணி, தரமான அணியை வென்றதென்று ஏறுகிறது. தோற்ற அணியோ, தரமான அணியிடந்தானே தோற்றது என்று சிறிதளவே இறங்குகிறது. எளிய கூட்டமைப்பின் அணிக்கு நிலைமை வேறு. வென்றால், “யாரை வென்றாய்?” என்னும் கேள்வி எழுகிறது. ஒருமுறை தோற்றாலோ, அதனைப் பற்றிய பேச்சே அடங்கிவிடுகிறது.

2017ஆம் ஆண்டுப் பருவத்தில் மத்திய புளோரிடாப் பல்கலைக்கழக அணி, ஆடிய 12 ஆட்டங்களிலும் வென்றது. தேர்வுக் குழு அதற்கு அளித்த இடமோ பன்னிரண்டாவது. அவ்வாண்டு அலபாமாவையும் ஜோர்ஜியாவையும் வென்றிருந்த அணி ஆபர்ன். அந்த ஆபர்னை 2018 ஜனவரி முதல் நாள், பீச் பவுல் ஆட்டத்தில், மத்திய புளோரிடா 34–27 என வென்றது. ஒரு வாரத்துக்குப் பின் தேசிய வாகையர் பட்டத்துக்காக மோதியவர்கள் யார்? ஆபர்னிடம் தோற்றிருந்த அதே அலபாமாவும் ஜோர்ஜியாவுமே! மூன்றும் தென்கிழக்குக் கூட்டமைப்பைச் சார்ந்தவை. தோல்வியே காணாத அணி செய்தியாளர் வரிசையில் ஆறாம் இடத்தோடு நின்றது. அதன் மாணவர்கள் தம்மையும் வாகையர் என அறிவித்து ஊர்வலம் வந்தனர். சிலர் நகைத்தனர். ஆனால் அந்நகைப்புக்கு அடியில் ஒரு கேள்வி கிடந்தது: அம்மாணவர்கள் வேறு என்னதான் செய்திருக்க வேண்டும்?

2023இல் பெரிய குடும்பத்துப் பிள்ளைக்கும் இந்நிலை நேர்ந்தது. அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பின் வாகையரான புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் 13 ஆட்டங்களிலும் வென்றும் ஐந்தாம் இடத்தில் விடப்பட்டது. ஒருமுறை தோற்றிருந்த அலபாமா நான்காம் இடம் பெற்றது. அணியைச் செலுத்தும் முதன்மை ஆட்டக்காரர் காயமுற்றதால் அது முன்பிருந்த அணியன்று என்பது குழுவின் விளக்கம். செய்து முடித்த செயலைக் காட்டிலும், இனிச் செய்யக்கூடும் என்னும் ஊகமே எடை மிகுந்ததாயிற்று.

எனினும், துலாக்கோலின் மறுதட்டையும் பார்த்தல் வேண்டும். 2006 முதல் 2012 வரை ஏழு பருவங்களிலும் தொடர்ந்து தேசிய வாகை சூடியவை தென்கிழக்குக் கூட்டமைப்பின் அணிகளே. வாய்ப்பு மறுக்கப்பட்ட புளோரிடா மாநில அணி, ஆட்டக்காரர் பலர் விலகிய நிலையில், ஜோர்ஜியாவிடம் 63–3 எனத் தோற்றது. எளிய கூட்டமைப்பிலிருந்து முதன்முதலாக நால்வருள் ஒன்றாக நுழைந்த சின்சினாட்டி, 2021இன் இறுதி நாளில் அலபாமாவிடம் 27–6 என வீழ்ந்தது. அதே அலபாமாவை 2009 ஜனவரியில் 31–17 என வென்றது எளிய குடும்பத்து யூட்டா என்பதையும் மறத்தலாகாது. வலியாரோடு மோதிப் பெற்ற வெற்றியும், மெலியாரோடு மோதிப் பெற்ற வெற்றியும் ஒன்றாகா என்னும் வாதத்தில் நேர்மை உண்டு. ஆனால் யார் வலியார், யார் மெலியார் என்பதை முடிவு செய்ய வேண்டியது களமா, குலப்பெயரா?

2024ஆம் ஆண்டுப் பருவத்தில் நான்கு இடங்கள் பன்னிரண்டாயின. கூட்டமைப்பு வாகையருள் தரவரிசையில் மேலான ஐவருக்கு இடம் உறுதியாயிற்று. வழக்கு ஓய்ந்ததா? இல்லை. மூன்று முறை தோற்ற அலபாமா விடுபட, இருமுறை தோற்ற சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் இடம்பெற்றது. இம்முறை ஓரவஞ்சனை என்று முறையிட்டோர் பெரிய கூட்டமைப்பின் ஆதரவாளர்களே! தன் பக்கம் சாயும் துலாக்கோல் நேராக நிற்பதாகவே தோன்றுவது மனித இயல்பு.

தரவரிசை எழுதுவோர் அனைவரும் நெஞ்சறிந்து தவறு செய்கின்றனர் எனல் பொருந்தாது. சாய்வுக்கு வஞ்சகம் தேவையில்லை, நினைவே போதும். தேர்வுத்தாளில் மாணவனின் பெயரை மறைத்து எண்ணை மட்டும் எழுதச் செய்வது ஏன்? திருத்தும் ஆசிரியர் நேர்மையற்றவர் என்பதாலா? அன்று. முன்னாள் கெட்டிக்காரனின் பிழையைக் கண் மெல்லக் கடந்துவிடும். கடைசி வரிசை மாணவனின் சரியான விடையைக் கண் இருமுறை ஐயுறும். இதனை அறிந்த பெரியோர் வகுத்த முறை அது. பல்கலைக்கழக அணியின் பெயரை எவராலும் மறைக்க முடியாது. மாற்றாக ஒன்று செய்யலாம்: ஐயத்துக்குரிய அணிகளை நேருக்குநேர் மோதவிடலாம்.

சதர்ன் மெதடிஸ்ட் அணி தன் முதற்சுற்றிலேயே பென்சில்வேனியா மாநில அணியிடம் 38–10 எனத் தோற்றது. தோல்விதான், ஆயினும் அது களத்தில் பெற்ற தோல்வி. இளைஞர் அதனை ஏற்று, அடுத்த பருவத்துக்கு உழைக்கலாம். ஆடாமலே பெற்ற தோல்வியை வெல்ல எந்தப் பயிற்சி உதவும்?