மழைநாள் இரவுச்சோறு



2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு 'நேற்று இரவு எங்கள் வீட்டு உணவு' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். எளிய தலைப்பு என்றுதான் நினைத்தேன். 23 கட்டுரைகள் வந்தன. திருத்த அமர்ந்ததும் முதலில் சிரிப்பு வந்தது. முந்தைய இரவு 14 வீடுகளில் பொரித்த கோழி! இரண்டு வீடுகளில் பிரியாணி. மாதக் கடைசி வாரத்துத் திங்கட்கிழமை இரவில், கமுந்திங்கில் இத்தனை கோழிகளா என்று எண்ணியபோது சிரிப்பு அடங்கிவிட்டது.

அந்த நாள்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். செப்டம்பர் முதல் நாளன்று இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக ஏறியது. 10 கிலோ 26 வெள்ளி என்று விலை கட்டுப்படுத்தப்பட்டிருந்த உள்ளூர் அரிசியோ கடைத்தட்டுகளிலிருந்து காணாமற்போனது. அரிசிப் பையைத் தேடிக் கடை கடையாக அலைந்த வீடுகளின் பிள்ளைகள்தாம் கோழி பொரித்ததாக எழுதியிருந்தார்கள்.

பொய் எழுதினார்கள் என்று நான் சினக்கவில்லை. சினக்க எனக்கு உரிமையில்லை.

தைப்பிங்கைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களுள் ஒன்றில், லயத்து வீட்டில் பிறந்தவள் நான். வெளியூர்க்காரர்களுக்குக் கமுந்திங் என்றால் தடுப்பு முகாம்தான் நினைவுக்கு வரும். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நீக்கப்பட்ட பின்னும் அந்தப் பெயர் ஊரை விட்டுப் போகவில்லை. எங்களுக்கு நினைவுக்கு வருவது மழை. நீரிணையிலிருந்து வரும் ஈரக்காற்று மலைத்தொடரில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, எங்கள் தலைமேல்தான் கொட்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர். இன்று மழை வருமா வராதா என்று தைப்பிங் நகரத்தார் பந்தயம் கட்டியதாகப் பழைய கதை ஒன்று உண்டு. தோட்டத்தில் யாரும் பந்தயம் கட்டியதாக நான் கேட்டதில்லை. தோற்பது யாரென்று முன்பே தெரிந்த ஆட்டம் அது.

பால்மரம் சீவாதவர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டின் வழியே ஒழுங்காக இறங்காது. மரத்தண்டெங்கும் பரவி வீணாகிவிடும். மங்கில் விழுந்ததையும் மழைநீர் கரைத்துக்கொண்டு போய்விடும். ஆகவே விடியற்காலையில் மழை என்றால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் கூலி இல்லை. தொடர்ந்து நான்கு நாள் மழை பெய்தால் எங்கள் வீட்டு இரவுச்சோறு எப்படியிருக்கும் என்பதை ஐந்தாம் நாள் காலையிலேயே சொல்லிவிடலாம்.

முதல் நாள் கருவாட்டுக் குழம்பு. கோலா செப்பத்தாங், அதாவது பழைய போர்ட் வெல்டு, எங்களுக்கு அருகில்தான். ஈயம் ஏற்றிச் செல்வதற்காக நாட்டின் முதல் இரயில் பாதை 1885-இல் தைப்பிங்கிலிருந்து அங்கேதான் போடப்பட்டது. நான் அறிந்த போர்ட் வெல்டு மீன்காரரின் மோட்டார் சைக்கிள்தான். சாயங்காலம் கூடையில் மிஞ்சிய பொடிமீனைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவார். அதை அம்மா உப்பிட்டுக் காயவைப்பார். இரண்டாம் நாள் அதே குழம்பில் பலாக்கொட்டை விழும். மூன்றாம் நாள் அது சட்டியோடு சுண்டி, கறுத்து, எண்ணெய் பிரிந்து நிற்கும். சுண்டிய குழம்பை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு ஒரு தட்டுச் சோறு உண்ணலாம். முதல் நாள் குழம்பைவிட அதுவே சுவை என்று நான் இன்றும் வாதிடுவேன்.

நான்காம் நாள் கீரை. ஓடைக்கரையில் கங்கோங், வேலியோரத்தில் முருங்கை, மழை விட்டால் சுருண்டு எழும் பெரணிக் குருத்து. மலாய்க்காரர்கள் 'பூச்சோக் பாக்கு' என்று விரும்பி உண்பது அதுதான். பருப்பு இல்லாத நாளில் வடித்த கஞ்சியை ஊற்றிக் கீரையைக் கடைவார் அம்மா, குழைவு வந்துவிடும். கொல்லையில் மரவள்ளியும் இருந்தது. ஆனால் பாட்டி இருந்தவரை அது எளிதில் அடுப்பேறாது. ஜப்பானியர் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசிக்குப் பதில் அதையே தின்று உயிர்பிழைத்தவர் அவர். "பன்னிக்கு வேணும்னா போடு" என்பார். பன்றி வளர்க்கும் அளவுக்கு எங்களிடம் வசதி இருந்ததில்லை என்பது வேறு செய்தி.

ஐந்தாம் நாளுக்குத்தான் நெத்திலித்தலைப் பொடி. நெத்திலி சமைக்கும்போதெல்லாம் கிள்ளிய தலைகளை எறியாமல், கழுவிக் காயவைத்து ஒரு மில்க் டின்னில் சேர்த்துவைப்பார் அம்மா. காய்ந்த மிளகாயோடு வறுத்து, உப்பும் ஒரு பல் பூண்டும் வைத்து இடிப்பார். சுடுசோற்றில் ஒரு கரண்டி பொடி, வாய்த்தால் சில சொட்டு நல்லெண்ணெய். அவ்வளவே.

கடைக்கணக்கு 555 புத்தகத்தில் இருக்கும். அட்டையில் 555 என்று அச்சிட்ட அந்தச் சிறு குறிப்பேட்டில்தான் அந்நாளில் நாட்டின் கடன் முழுவதும் எழுதப்பட்டதோ என்று எனக்குத் தோன்றும். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. மாதக் கடைசியில் நான்தான் கூட்டிச் சொல்ல வேண்டும். கணக்கில் நான் தேறியதற்கு அந்தப் புத்தகமே காரணம்.

1982-இல் நான் நான்காம் வகுப்பு. எங்கள் தோட்டப் பாடசாலையில் பிள்ளைகள் குறைவு. ஒரே அறையில் கூட்டு வகுப்பு. தம்பி முதலாம் வகுப்பு, அடுத்த வரிசையில் உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் சார் எங்களை வரிசையாக எழுப்பி, நேற்றிரவு என்ன சாப்பாடு என்று கேட்டார். வாய்மொழிப் பயிற்சி. கிராணியின் மகள் கோழிக்கறி என்றாள். அடுத்தது நான். நானும் கோழிக்கறி என்றேன். என் தம்பி எழுந்து நின்றான்.

"இல்ல சார். அக்கா பொய் சொல்லுது. எங்க வூட்டுல நெத்திலித்தலை இடிச்சாங்க."

வகுப்பே சிரித்தது. சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவரைக் குறைசொல்ல மாட்டேன். அன்றிரவு நான் தட்டைத் தள்ளிவிட்டேன். தம்பி நடந்ததைச் சொன்னான். அம்மா ஒன்றும் பேசவில்லை. மில்க் டின்னை எடுத்துப் பரண்மேல் வைத்தார். அந்த மாதக் கடைசியில் 555 புத்தகத்தைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, அரிசிக்கும் சீனிக்கும் இடையில் 'கோழி 1' என்று கடைக்காரர் எழுதியிருந்தார். அதை நாங்கள் தின்றது எனக்கு நினைவிருந்தது. கடனில் தின்றோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. மழைக்காலம் முடியாத மாதம் அது.

இந்தக் கதையை என் மாணவர்களிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, "விருப்பமுள்ளவர்கள் கட்டுரையை மீண்டும் எழுதலாம்" என்றேன். ஒன்பது பேர் எழுதினார்கள். அவற்றுள் ஒரு மாணவனின் கட்டுரை என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. முதல் கட்டுரையில் பிரியாணி உண்டவன் அவன். இப்போது இப்படி எழுதியிருந்தான்:

'காலையில் வடித்த சோறு மிச்சம் இருந்தது. அதை மின்சோற்றுப் பானையில் போட்டேன். ஒரு முட்டையை அடித்து அதில் இரண்டு கரண்டி தண்ணீர் கலந்து மேலே ஊற்றினேன். தண்ணீர் கலந்தால் முட்டை பெரிதாகும். பொத்தானை அமுக்கினேன். தங்கைக்கு மேல்பக்கத்துச் சோற்றைக் கொடுத்தேன். ஏனென்றால் அதில்தான் முட்டை இருக்கும். நான் அடிச்சோறு சாப்பிட்டேன். அது முறுக்கு போல இருக்கும். பிறகு பாத்திரத்தை ஊறவைத்தேன்.'

எழுத்துப்பிழை இரண்டே இரண்டு. மிக உயர்ந்த மதிப்பெண் கொடுத்தேன். வகுப்பில் உரக்கப் படித்தேன். போதாதென்று பின்சுவர் அறிவிப்புப் பலகையில் குத்தியும் வைத்தேன். இருபத்தைந்து ஆண்டு ஆசிரியப் பணியில் உருப்படியாக ஒன்றைச் செய்துவிட்டதாக அன்று மாலை எனக்கு ஒரு பெருமிதம்.

இரண்டு நாள் கழித்து, மாலை நான்கரை மணியளவில் அவனுடைய தாயார் பள்ளிக்கு வந்தார். கமுந்திங் ராயா தொழிற்பேட்டையில் இரவு வேலை. தொழிற்சாலைச் சீருடையோடு வந்திருந்தார். நான் முந்திக்கொண்டேன். "வாங்கம்மா. உங்க மகன் ரொம்ப நல்லா எழுதியிருக்கான். மிச்சச் சோறு சாப்பிடறதுல வெட்கப்பட ஒன்னுமில்லன்னு..."

அவர் என்னை முடிக்க விடவில்லை.

"எனக்கு அதுல வெக்கமே இல்ல டீச்சர். நான் மிச்சம் பண்ணித்தான் இதுங்கள வளக்கறேன். ஆனா எம்புள்ளைங்க ராத்திரியில தனியா இருக்குதுங்கன்னு செவத்துல ஒட்டி வெச்சிருக்கீங்களே."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்தக் கட்டுரையை நான் ஐந்தாறு முறை படித்திருந்தேன். சோற்றைப் பார்த்தேன், முட்டையைப் பார்த்தேன், அடிச்சோற்றைப் பார்த்தேன். பொத்தானை அமுக்கியது பத்து வயதுப் பிள்ளை என்பதையும், அந்த வீட்டில் அந்நேரம் பெரியவர் யாரும் இல்லை என்பதையும் நான் பார்க்கவில்லை. வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை வீட்டில் போய்ச் சொல்ல, அந்தத் தாய் இவரிடம் கேட்டிருக்கிறார். ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போக எத்தனை நேரமாகும்?

மன்னிப்புக் கேட்டேன். பிறகுதான் அவர் உட்கார்ந்தார். நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவரது ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியும் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து வந்ததும் சோறு வடிப்பாராம். பையனுக்குப் பள்ளியில் கூடுதல் உணவுத் திட்டத்தில் காலையுணவு கிடைத்துவிடுகிறது (1979 முதல் ஏழைப் பிள்ளைகளுக்கு நடந்துவரும் திட்டம் அது). ஆகவே வடித்த சோறு மதியத்துக்கும் இரவுக்கும்தான். இரவுக்குரியதைச் சட்டியிலேயே விடமாட்டார். தட்டில் பரப்பி ஆறவைத்து, டப்பாவில் அடைத்து, ஒரு மணி நேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுவார். தொழிற்சாலைச் சிற்றுண்டிச்சாலையில் ஒருமுறை பலருக்கு வாந்தி எடுத்ததில் கற்ற பாடமாம்.

அவர் செய்வது மிகச் சரி. பெற்றோர்கள் இதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். சோற்றில் 'பேசில்லஸ் செரியஸ்' என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் முழுவதும் போகாது. தேங்காய்ப்பால் ஊற்றிய கறியும் விரைவில் கெடும். இவர் அடுத்த நாளுக்கு வைக்கும் கறியில் பாலே சேர்ப்பதில்லை.

கோழி வாங்குவதில்லை, கோழி எலும்புக்கூடு வாங்குகிறார். கறி நீக்கிய கூடு மலிவாகக் கிடைக்கும். மிளகு தட்டிப் போட்டால் இரண்டு நாளுக்கு இரசம். ஒரு சார்டின் டின்னில் இரண்டு உருளைக்கிழங்கும் மூன்று வெங்காயமும் சேர்த்தால் இரண்டு இரவு. இரவுச்சந்தையில் கடை கட்டும் நேரம் பார்த்துப் போய், வாடிய காய்கறிக் குவியலை வாங்குகிறார். மாடிவீட்டுச் சீனத்துப் பாட்டி பெருநாள் விருந்துக்குப் பின் 'சாய் போய்' கொடுத்தனுப்புவாராம். மிஞ்சிய இறைச்சிகளையெல்லாம் கடுகுக்கீரை, புளி, காய்ந்த மிளகாயோடு கொதிக்கவைத்த புளிப்புக் குழம்பு அது. "நம்ம தீபாவளிக்கு மறுநாள் சுண்டக்குழம்பு மாதிரியேதான் டீச்சர், அதுவும் மூனாம் நாளுதான் ருசி" என்றார். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை.

எரிவாயு அடுப்பைப் பிள்ளைகள் தொடக்கூடாது. கலனைப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். அதனால்தான் மின்சோற்றுப் பானை. எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக் ஒன்பது மணிக்கு ஒருமுறை வந்து கதவைத் தட்டிப் பார்ப்பார். "ராத்திரி முழுக்க எங்கண்ணு கடிகாரத்துமேலதான். ஒன்பது தாண்டி அஞ்சு நிமிஷத்துல மக்சிக்கு செய்தி அனுப்பிடுவாங்க. அப்பறந்தான் கை வேலையில நிக்கும்." பகல் வேலைக்கு மாற்றக் கேட்டிருக்கிறாராம், இரவுக்கான கூடுதல் தொகை போய்விடும் என்பதால் தயக்கமும் இருக்கிறது.

இருவரும் வகுப்பறைக்கு நடந்தோம். பலகையிலிருந்து கட்டுரையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை அதுவரை படித்திருக்கவில்லை. நின்றபடியே, உதடு அசைய, மெதுவாகப் படித்தார். பாதியில் நின்று, மேலே ஒரு வரிக்குத் திரும்பிப் போனார்.

"இந்தத் தண்ணி கலக்கறது... இத நான் சொல்லிக்குடுக்கல டீச்சர்" என்றார். "முட்டை பத்தலன்னு அவனாவே கண்டுபிடிச்சிருக்கான்."

தாளை நான்காக மடித்துச் சீருடைப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. தைப்பிங் பக்கத்து மலை தெரியவில்லை. ஏழு மணிக்கு வேலை. அதற்குமுன் வீட்டுக்குப் போய்க் கலனைப் பூட்ட வேண்டும் என்று சொல்லி, மழையங்கியை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.