படிக்கட்டில் கேட்ட கேள்வி



சில ஆண்டுகளுக்கு முன்பு ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு தமிழ்க் குடும்பத்தாரை ஜெபத்திற்காக வாரந்தோறும் சந்தித்து வந்தேன். அவ்வீட்டுச் சகோதரிக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. மருத்துவர்கள் கைவிரித்துவிட்டனர். அவர்களுக்குப் பத்து வயதில் ஒரு மகன். "பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது பாஸ்டர், தெரியவும் வேண்டாம்" என்றார் தகப்பனார்.

பிள்ளை அறிந்திருந்தான். ஒருநாள் படிக்கட்டுவரை என்னோடு இறங்கி வந்து, "பாஸ்டர் அங்கிள், அம்மா செத்துப்போயிடுவாங்களா?" என்று கேட்டான். நான் திடுக்கிட்டு, "அப்படிப் பேசக் கூடாது தம்பி. விசுவாசத்தோடு ஜெபம் பண்ணு, அம்மா எழுந்திருப்பாங்க" என்றேன். மூன்று வாரங்களில் அச்சகோதரி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனை முடிந்தபின் அவன் என் கையைப் பற்றிக்கொண்டு, "ஒருநாள் நான் ஜெபம் பண்ணாம தூங்கிட்டேன். அதனாலயா?" என்றான். இல்லை என்றேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை. நம்புவதற்கு நான் என்ன விதைத்திருந்தேன்?

அந்நாட்களில்தான் சி.எஸ்.லூயிஸ் சிறுவர்களுக்காக எழுதி 1955-ல் வெளிவந்த 'தி மெஜீஷியன்ஸ் நெவ்யூ' என்னும் கதையை மீண்டும் எடுத்து வாசித்தேன். அதில் டிகோரி என்னும் சிறுவனின் தாய் மரணப்படுக்கையில் இருக்கிறாள். அவளைச் சுகமாக்க ஏதேனும் தரும்படி அவன் அஸ்லான் என்னும் சிங்கத்தைக் கேட்கிறான். அண்ணாந்து பார்த்தால் சிங்கத்தின் கண்களிலும் கண்ணீர்! லாசருவின் கல்லறையருகே கண்ணீர்விட்ட நம் ஆண்டவரை அங்கே கண்டேன். பின்பு ஒரு கனியைத் திருடித் தாய்க்குக் கொடுத்துவிடும்படி சோதனை வருகிறது. அவன் மறுக்கிறான். முடிவில் அஸ்லானே கொடுத்த கனியால் தாய் பிழைக்கிறாள்.

ஆனால் அதை எழுதியவரின் தாய் பிழைக்கவில்லை. 1908-ல், லூயிஸுக்கு ஒன்பது வயதாயிருக்கையில், பெல்ஃபாஸ்ட் நகரில் அவருடைய தாயார் புற்றுநோயால் மரித்தார். பல்வலியால் அழுத ஓர் இரவில் அம்மா வரவில்லை என்றும், அவர் அறையில் மருத்துவர்கள் கூடியிருந்தனர் என்றும் லூயிஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். தாய் பிழைக்கவேண்டும் என்று அச்சிறுவனும் ஜெபித்தான். அந்தத் துயரத்தைக் கதையாக்கிப் பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது அவர் ஐம்பதைக் கடந்திருந்தார்.

இன்னொரு நூலும் உண்டு. ஷிவோன் டவுட் என்னும் எழுத்தாளர் மார்பகப் புற்றுநோயால் 2007-ல் மரித்தார். அவர் விட்டுச்சென்ற கருவை பேட்ரிக் நெஸ் வளர்த்தெடுத்து 2011-ல் 'எ மான்ஸ்டர் கால்ஸ்' என்று வெளியிட்டார். மரமொன்று பூதமாக நடந்து வருகிறது என்றதும் நம்மில் சிலர் முகஞ்சுளிக்கலாம். ஆயினும் அப்பூதம் கானர் என்னும் சிறுவனிடம் கேட்பது உண்மையை மட்டுமே. இந்த வேதனை எப்படியாவது முடிந்துவிடாதா என்று தான் உள்ளுக்குள் ஏங்கியதை அவன் அழுது அறிக்கையிடுகிறான். அப்படி எண்ணியதால் தாய் மரிப்பதில்லை என்று அவன் அறிந்துகொள்கிறான்.

பிரியமானவர்களே, நம் ஊர்களில் பாட்டி, சித்தி, மாமா என்று அழுவதற்குப் பத்து மடிகள் இருந்தன. இங்கோ அடுக்குமாடி வீட்டில், மூடிய கதவுக்கு வெளியே பிள்ளை தனியே நிற்கிறான். நாம் சொல்லாததை அவன் தானே கற்பனை செய்கிறான். அந்தக் கற்பனையில் பெரும்பாலும் அவனே குற்றவாளி.

சுகமளிக்கும் தேவனை நான் இன்றும் பிரசங்கிக்கிறேன். சுகம் பெற்றவர்களைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன். ஆனால் அநேகரைச் சுகப்படுத்திய பவுலும் துரோப்பீமுவை வியாதியுள்ளவனாகவே மிலேத்துவில் விட்டுவந்தாரே! அது துரோப்பீமுவின் குறை என்று வேதம் சொல்லவில்லை. பெரியவர்களே சுமக்கத் தடுமாறும் பாரத்தை ஒரு பத்து வயதுத் தோளில் நான் வைத்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து அவ்வீட்டிற்குச் சென்று, டிகோரியின் கதையை அவனுக்குத் தமிழில் சொன்னேன். "அவங்க அம்மா மட்டும் ஏன் பிழைச்சாங்க?" என்றான். எழுதியவரின் தாயைப்பற்றிச் சொன்னேன். நெடுநேரம் மௌனமாயிருந்து, "அவரும் ஜெபம் பண்ணினாரா?" என்று கேட்டான். "பண்ணினார் தம்பி. நானும் உங்க அம்மாவுக்காகப் பண்ணினேன். உன்மேல் தப்பில்லை. அன்றைக்குப் படிக்கட்டில் நான்தான் உனக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை" என்றேன். அவன் என் மடியில் முகம் புதைத்து அழுதான். தாய் மரித்தபின் அவன் அழுதது அதுவே முதன்முறை என்று தகப்பனார் பிறகு சொன்னார்.

உங்கள் வீட்டிலோ சபையிலோ இப்படியொரு பிள்ளை இருந்தால், அவன் கேட்கும்போது தட்டிக்கழிக்காதிருங்கள். அவனோடு ஜெபியுங்கள், அவனுக்கு மெய்யைச் சொல்லுங்கள். சொல்ல வார்த்தை வராவிட்டால் ஒரு கதையை எடுத்து அருகில் உட்கார்ந்து வாசியுங்கள். கண்ணீரைத் துடைக்கிற தேவன் உங்கள் பிள்ளைகளைத் தேற்றுவாராக. ஆமென்.