குமாரஜீவர் போன சாலை

தக்லமக்கான் பாலையின் வடக்கு ஓரத்தில், தியான்ஷான் மலையடியில் இருக்கிறது கூச்சா. பட்டுப்பாதை வணிகர்கள் ஒட்டகங்களோடு தங்கிப் போன ஊர். குமாரஜீவர் 344-இல் இங்கே பிறந்தார். தந்தை இந்தியாவிலிருந்து வந்தவர். தாய் அரசனின் உடன்பிறந்தவள். அவள் துறவு பூண்டு, சிறுவனையும் கூட்டிக்கொண்டு காஷ்மீரம் போனாள். அங்கே பௌத்த நூல்களைக் கற்றுத் திரும்பியவரின் பெயர் சீனம் வரை பரவியது. அந்தப் பெயரே அவருக்கு வினையாயிற்று. 384-இல் வடசீனத் தளபதி லூ குவாங் கூச்சாவைப் பிடித்தான்; குமாரஜீவரைக் கைதியாகக் கிழக்கே கொண்டுபோனான்.

துர்ஃபான், ஹாமி கடந்தால் துன்ஹுவாங். அவரைச் சுமந்து வந்த வெள்ளைக் குதிரை இறந்த இடம் என்று அங்கே ஒரு தூபியைக் காட்டுகிறார்கள். அருகிலுள்ள மொகாவ் குகைகளில், 1900-இல் திறக்கப்பட்ட ஓர் அறைக்குள் ஏடுகள் குவிந்து கிடந்தன. 1907-இல் ஆய்வாளர் ஆரல் ஸ்டைன் எடுத்துச்சென்றவற்றில் ஒன்று வஜ்ரச்சேதிகா என்னும் பௌத்தச் சூத்திரத்தின் அச்சுச்சுருள். நீளம் சுமார் 5 மீட்டர். முகப்பில் புத்தர் சீடர்களோடு அமர்ந்திருக்கிறார். 868-இல் வாங் ஜியே என்பவர் தம் பெற்றோர் பெயரில், எல்லோருக்கும் இலவசமாக வழங்கச் செய்தது என்று கடைசியில் எழுதியிருக்கிறது. அந்தச் சீன வாசகம் குமாரஜீவர் மொழிபெயர்த்தது.

தெற்கே சீலியன் பனிமலை, வடக்கே பாலை. நடுவே ஒடுங்கிய வழி வூவேய்க்குப் போகிறது. அன்று அதன் பெயர் லியாங்சோ. 385 முதல் 401 வரை அவர் இங்கேதான் அடைபட்டுக் கிடந்தார். லூ குவாங்குக்குத் தர்மத்தில் நாட்டமில்லை. முரட்டுக் குதிரையிலும் எருதிலும் ஏற்றி அவரை அலைக்கழித்தான் என்கிறது பழைய வரலாறு. பலர் இந்த ஊரை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு முழுச் சாலையிலும் இதுவே முக்கியமான ஊர். மடத்துக்குள் பாடம் கேட்டு வரும் சீனம் வேறு, காவலரோடும் கடைக்காரரோடும் ஆண்டுக்கணக்கில் பேசி வரும் சீனம் வேறு. அவருடைய மொழிபெயர்ப்பு வாயில் சிக்காமல் ஓடுவதற்கு அந்தச் சிறைவாசமே காரணம் என்று நம்புகிறேன்.

401-இன் முடிவில் சாங்கான், இன்றைய சியான். அரசன் யாவோ சிங் அவரைக் குருவாக வரவேற்றான். மகா பிரக்ஞாபாரமிதையை மொழிபெயர்த்தபோது 500-க்கும் மேற்பட்ட துறவிகள் கூடினார்கள். மூல ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சீனத்தில் விளக்குவார். பழைய மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு அரசனே ஒப்பிடுவான். விவாதம் ஓய்ந்த பிறகே எழுத்தில் ஏறும். தாமரைச் சூத்திரம் 406-இல் முடிந்தது.

645-இல் சீனத் துறவி யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து 657 நூல்களோடு இதே நகருக்குத் திரும்பினார். சொல்லுக்குச் சொல் மூலத்தை ஒட்டி வஜ்ரச்சேதிகாவை மறுபடியும் பெயர்த்தார். ஆனாலும் சீனத்துக் கோயில்களில் இன்றுவரை ஓதப்படுவது குமாரஜீவரின் வாசகம்தான்.