மண் தெரியும் வாசல்

எங்கள் பக்கத்தில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு வேலை செய்கிறார்கள். பூச்சு முடிந்து, பெயிண்ட் அடித்து, கையில் மிச்சமிருக்கும் காசுக்குச் சுற்றுச்சுவர் வரைக்கும் சிமெண்டுக் கல் பதித்துவிடுகிறார்கள். வாசல், பக்கச் சந்து, கொல்லை, எங்கேயும் ஒரு பிடி மண் தெரியாது. கூட்டிப் பெருக்கச் சுலபம், மழைக்குச் சேறு இல்லை, பாம்பு வந்தால் கண்ணில் படும் என்று காரணம் சொல்கிறார்கள். எங்கள் வீட்டைத் திரும்பக் கட்டியபோது நாங்கள் அதைச் செய்யவில்லை. செய்யவிடாமல் தடுத்தவை நாய்களும், கொல்லையில் நாங்கள் கேட்காமலே முளைத்து வந்த செடிகளும்.

பேராவூரணிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்து மேற்கே எங்கள் வழியாகப் போனது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத்தில் எங்கு பார்த்தாலும் தென்னைதான். மாமனார் வைத்த மரங்கள், அவருடைய அப்பா வைத்த மரங்கள் எல்லாம் வேரோடு சாய்ந்தும் நடுவில் முறிந்தும் கிடந்தன. மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசாங்கம் 1,100 ரூபாய் கொடுத்தது. ஒரு நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும், வந்தபிறகு மூன்று தலைமுறைக்குக் காய்க்கும். அதை வைத்துத்தான் அந்த 1,100 ரூபாயைப் பார்க்க வேண்டும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்ததில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் மின்வாரிய ஆட்கள் வந்து நம்ம ஆட்களோடு வயலில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். அவர்களுக்குச் சோறு போட்ட வீடுகளில் கூரை இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. பெரும்பாலும் இல்லை.

எங்களுடையது பனங்கை வரிந்து மங்களூர் ஓடு வேய்ந்த பழைய வீடு. நடு உத்தரத்தின் மேலேயே ஒரு மரம் விழுந்தது. கூடமும் அடுக்களையும் போய்விட்டன. நெல் போட்டு வைக்கும் உள் அறை மட்டும் நின்றது. அத்தையையும் பிள்ளைகளையும் அங்கே வைத்துக்கொண்டுதான் அந்த ராத்திரியைக் கழித்தோம்.

செவலை அப்போது இளம் நாய். நாட்டு நாய், தெருவில் பிறந்து எங்கள் திண்ணையில் வளர்ந்தவள். புயலடித்த நேரத்தில் எங்கே இருந்தாள் என்று தெரியாது. மறுநாள் பகலில் வந்தாள். சுவர் இடிந்து நாலாபுறமும் திறந்து கிடந்தபோதும், வாசற்படி இருந்த இடத்தில் நின்று, உள்ளே கால் வைத்து, கூடத்தைத் தாண்டி, அடுக்களை வாசல் இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தாள். பழைய வீட்டில் அதற்கு மேல் அவளுக்கு அனுமதி இல்லை. அடுக்களை ஓட்டுக் குவியலாகக் கிடந்தபோதும் அந்த எல்லையை அவள் தாண்டவில்லை. அத்தை அதைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாக வாய்விட்டு அழுதார்கள். எனக்கும் அப்போதுதான் வீடு இன்னும் இங்கேதான் இருக்கிறது என்று தோன்றியது.

கொல்லையில் கீற்றுக் கொட்டகை போட்டு, மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டிக் குடியிருந்தோம். காசு சேரச் சேரக் கட்டுவது என்று முடிவு. அதற்குச் சில வருஷங்கள் ஆயின. அந்த இடைக்காலத்தை எப்படியோ தள்ளிவிட வேண்டிய காலமாகத்தான் எல்லாரும் பேசுவார்கள். வீடு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். நாயும் செடியும் அப்படி எதையும் தள்ளிப்போடுவதில்லை. நாய்க்கு ராத்திரிச் சோறு வைத்தாக வேண்டும். குடத்தடியில் சிந்துகிற தண்ணீரில் தக்காளி முளைத்துவிட்டால் அதற்கு ஒரு குச்சி நட்டாக வேண்டும். அத்தை, புயலில் ஒடிந்து கிடந்த முருங்கையிலிருந்து போத்துகளை வெட்டி, நிழலில் கொஞ்ச நாள் சாய்த்து வைத்து, கொட்டகையைச் சுற்றி நட்டுவைத்தார்கள். இடிந்த சுவரின் மேல் சுரையை ஏற்றிவிட்டார்கள். குளிக்கிற தண்ணீர் வாழைக்குப் போனது. தென்னை போன வீட்டில் முதல் வருமானம் அந்த முருங்கைக்காய்தான்.

விழுந்த தென்னைகளை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. மட்குகிற தண்டிலும் எருக்குழியிலும் காண்டாமிருக வண்டு முட்டையிடும். வளர்ந்த வண்டு பறந்து போய், தப்பி நிற்கிற மரத்தின் விரியாத குருத்தைக் குடையும். அந்தக் குருத்து விரிகிறபோது மட்டை, கத்தரியால் வெட்டிய விசிறி போல இருக்கும். புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் எல்லாருக்கும் இந்தப் பயம் இருந்தது. ஒரு நாள் செவலை, நாங்கள் இழுத்துப் போட முடியாமல் விட்டிருந்த ஒரு துண்டுத் தண்டின் பக்கத்தில் நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு முன்னங்கால்களால் பறித்தாள். மாவாகிப்போன நார் பறந்தது. உள்ளே கட்டைவிரல் தடிமனில், வெள்ளையாக, சுருண்டு கிடந்த புழுக்கள். ஒவ்வொன்றாகக் கவ்வி எடுத்து, உதறி, தின்றாள். அவள் காது வைத்த இடத்தையெல்லாம் நானும் வீட்டுக்காரரும் மண்வெட்டியால் கொத்திப் பார்த்தோம். பல இடங்களில் புழு இருந்தது. நின்ற மரங்களுக்கு மேல் மூன்று மட்டை இடுக்குகளில் மணலும் வேப்பங்கொட்டைத் தூளும் கலந்து வைத்ததும் அதற்குப் பிறகுதான்.

புதுக் கன்று வைத்தபோது வேறு பாடு. மூன்றடிக் குழி எடுத்து, இருபத்தைந்தடி இடைவெளி விட்டு, மேல்மண்ணும் எருவும் போட்டு மூடினால், அந்தப் பொலபொலப்பான மண்ணைவிட நாய்க்குப் பிடித்த படுக்கை வேறு இல்லை. செவலைக்கும் அவள் மகன் கருப்பனுக்கும் கன்றுக்கு ஒன்றாக இடம் இருந்தது. கடலைப் பிண்ணாக்கு வாசனை வேறு இழுக்கும். வேப்பம் பிண்ணாக்குக்கு மாறினோம், சுற்றிக் கருவேல முள் வைத்தோம். அதோடு, அவை படுக்கத் தனியாக ஒரு மணற்குழியைப் புளிய நிழலில் வெட்டிக் கொடுத்தோம். அந்தக் குழி கிடைத்தபிறகு கன்றுகளை அவை தொடவில்லை. நாயை விரட்டுவதைக் காட்டிலும் அதற்கு ஓர் இடம் கொடுப்பது எவ்வளவு சுலபம் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன்.

அப்போதிருந்துதான் அவை எங்கெங்கே படுக்கின்றன என்று கவனிக்க ஆரம்பித்தேன். மனுஷருக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்கு வேர்வை பாதத்தில் மட்டும்தான். மீதிச் சூட்டை நாக்கை நீட்டி இரைத்துத்தான் தணிக்க வேண்டும். அதனால் நிழல், ஈரம், காற்று இந்த மூன்றும் அதற்கு உயிர்ப்பிரச்சினை. சித்திரை மத்தியானத்தில் செவலை கிணற்றடிக்கும் நொச்சிக்கும் நடுவில் ஒரு முழம் பறித்து, மேல்மண்ணைத் தள்ளிவிட்டு, அடியில் இருக்கும் குளிர்ந்த மண்ணில் அடிவயிறு படக் குப்புறப் படுப்பாள். சாயங்காலம் கடல்காற்று ஏறுகிறபோது தென்கிழக்கு மூலைக்கு மாறுவாள். ஐப்பசி மழையில் பழைய கூடத்தின் மேட்டுக்கு வருவாள், அங்கே தண்ணீர் நிற்பதில்லை. வரைபடம் போட வந்தவரிடம் நான் சொன்னதெல்லாம் அவள் படுத்த இடங்களைப் பார்த்துச் சொன்னதுதான். தென்கிழக்கில் பெரிய ஜன்னல் வைத்தோம். கூடம் பழைய மேட்டிலேயே எழுந்தது. கிணற்றடியைத் தொடவில்லை.

வானம் தோண்டி வேலை தொடங்கியதும் இன்னொரு பக்கம் வந்தது. வேலைக்கு வந்த சித்தாள் ஒருவரை முன்பு வேறு ஊரில் தெருநாய் கடித்திருந்தது. நாயைக் கண்டாலே கால் நடுங்கும். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வெறிநோய் வந்துவிட்டால் மருந்து கிடையாது, வராமல் தடுக்கத்தான் முடியும். கடித்த இடத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதை ஊரில் ஒவ்வொரு குழந்தைக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். 1885 ஜூலை 6-ஆம் தேதிதான் லூயி பாஸ்டரின் வெறிநாய்க்கடித் தடுப்பூசி முதன்முதலாக ஒரு சிறுவனுக்குப் போடப்பட்டது. வருஷந்தோறும் அதே தேதியில் கால்நடை மருந்தகங்களில் நாய்களுக்கு இலவசமாக ஊசி போடும் முகாம் நடக்கும். செவலைக்கும் கருப்பனுக்கும் ஊசி போட்டு, அட்டையைக் கொண்டுவந்து அந்தச் சித்தாளிடம் காட்டினேன். வேலை நேரத்தில் இரண்டையும் புளியமரத்தில் கட்டினேன். அவர் நம்பிக்கை அட்டையைப் பார்த்து வரவில்லை. நான் தினமும் கட்டுகிறேனா என்று பார்த்துத்தான் வந்தது.

கட்டட வேலை நடக்கிற இடத்துக்கு ஒரு குட்டி எப்படியும் வந்து சேரும். மத்தியானம் தூக்குவாளி திறக்கிற வாசனை அதற்குத் தெரிந்துவிடும். எங்களுக்கு வந்தது வெள்ளையும் செவலையும் கலந்த ஒரு பெட்டைக் குட்டி, உடம்பெல்லாம் உண்ணி. ஜல்லிக் குவியலில் படுத்துக்கிடந்ததால் வேலையாட்கள் ஜல்லி என்று பேர் வைத்தார்கள். நாய்க்குப் பயந்த அந்தச் சித்தாள்தான் கருவாட்டுத் தலையைச் சோற்றில் பிசைந்து அதற்குத் தினமும் வைத்தார். தளம் போட்ட அன்று ஈரச் சிமெண்டில் ஓடிவிட்டது. மேஸ்திரி கரணையால் தடத்தை மெழுகிக்கொண்டிருக்க, அந்தச் சித்தாள் குட்டியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். ஈரச் சிமெண்டு தோலை அரித்துவிடும், கொத்தனார்களின் கையைப் பார்த்தாலே தெரியும். விரலிடுக்கில் ஒட்டியிருந்ததை ஒவ்வொன்றாக நீக்கிக் கழுவி, முந்தானையால் துடைத்துவிட்டார். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்த நாட்களில் மூன்று நாய்களும் ராத்திரி படியேறி அங்கே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, கைப்பிடிச் சுவர் ஓரம் நின்று தெருவைப் பார்க்கும். இன்றைக்கும் மொட்டைமாடிதான் அவற்றின் காவல் மேடு.

எல்லாம் முடிந்து வாசல் கல் பேச்சு வந்தது. மேஸ்திரி அன்பாகத்தான் சொன்னார், “இவ்வளவு செலவு பண்ணிட்டீங்கக்கா, வாசலை மட்டும் மண்ணா விட்டா வீடு எடுக்காது.” அத்தை விடவில்லை. “சாணி தெளிச்சுக் கோலம் போட எனக்கு மண்ணு வேணும் தம்பி. சிமெண்டுல போட்டா எறும்பு எங்கேருந்து வந்து திங்கும்?” என்றார்கள். எனக்கு வேறு காரணங்களும் இருந்தன. பக்கத்துத் தெருவில் முழுக்கக் கல் பதித்த ஒரு வீட்டில் நல்ல நாய் ஒன்று இருந்தது. பகலில் தரை கொதிக்கும். பாதம் வைக்க முடியாமல் அது வெளியே போய்த் தார்ச்சாலை ஓரத்து மணலில் படுக்கும். அங்கேதான் ஒரு வண்டி ஏற்றிவிட்டுப் போனது. நம் வீட்டுக்குள் மண்ணை மூடிவிட்டு, நாய்கள் ஏன் ரோட்டில் கிடக்கின்றன என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தண்ணீர்க் கணக்கும் அப்படித்தான். 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். எங்கள் மாடித் தண்ணீரைக் குழாய் வழியாக ஜல்லியும் மணலும் நிரப்பிய குழிக்கு விட்டிருக்கிறோம். ஆனால் வாசலிலும் கொல்லையிலும் விழுகிற மழை அந்தக் குழிக்கு வருவதில்லை. அதை மண்தான் குடிக்க வேண்டும். கார்த்திகையில் விடாமல் பெய்கிறபோது கல் பதித்த வாசல்களிலிருந்து தெருவுக்குத் தண்ணீர் ஓடும். எங்கள் வாசலில் ஒரு ராத்திரி தேங்கி நின்று, காலையில் வற்றியிருக்கும். சேறு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. நடக்கிற தடத்தில் மட்டும் பழைய வீட்டு வாசற்கற்களை இடைவெளி விட்டுப் பதித்திருக்கிறோம்.

பாம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாம்பு எலிக்கும் தவளைக்கும் வருகிறது. செங்கல் அடுக்கிலும் மட்டைக் குவியலிலும் தங்குகிறது. அவற்றைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் பாதி பயம் போகும். மீதிக்கு நாய்கள் இருக்கின்றன. பாம்பைக் கண்டால் கருப்பன் குரைக்கிற குரலே வேறு, அந்தக் குரல் கேட்டால் டார்ச்சோடுதான் வெளியே போவோம். செடி வைக்கிறபோதும் நாயை நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அரளி வேண்டாம் என்று விட்டுவிட்டேன், அது அவற்றுக்கு விஷம். செம்பருத்தியும் பவழமல்லியும் வைத்தேன். வாசலோரம் அறுகம்புல்லை அப்படியே விட்டிருக்கிறேன், வயிறு சரியில்லாத நாளில் ஜல்லி அதைத்தான் மேய்கிறாள்.

இப்போது பக்கத்து மனையில் ஒரு தம்பி வீடு கட்டுகிறார். நிலை வைத்தாயிற்று. வாசலுக்குக் கல் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்து நேற்று போய்ப் பேசினேன். “சேறாயிடுமேக்கா” என்றார். வந்து எங்கள் வாசலைப் பாருங்கள் என்று கூட்டிவந்தேன். கற்களுக்கு இடையே எவ்வளவு விட்டிருக்கிறோம் என்று குனிந்து சாண் வைத்து அளந்தார். கருப்பன் பின்னாலேயே போய் முகர்ந்துவிட்டுத் திரும்பினான். வண்டி நிறுத்துகிற இடத்துக்குக் கல், மீதி மண் என்றால் வீட்டில் ஒத்துக்கொள்வார்களா என்று யோசித்தார். அவர் அம்மாவிடம் அத்தையே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முருங்கைப் போத்து எங்கள் மரத்திலிருந்தே எடுத்துக்கொள்ளட்டும், வேலியோரம் வைத்தால் இரண்டு வீட்டுக்கும் காய் கிடைக்கும்.