களத்தில் விழுகிற நிழல்

போன வருஷம் பிப்ரவரியில் பூ மழை வரவே இல்லை. காபிக்காரங்களுக்கு இதோட அர்த்தம் தெரியும், மத்தவங்களுக்குச் சொல்றேன். அரபிகா செடியில் மொட்டு தயாரா நின்னு மழைக்குக் காத்திருக்கும். ஒரு நல்ல மழை விழுந்தா பத்து நாளில் தோட்டமே வெள்ளை வெளேர்னு பூத்துடும். தவறினா மொட்டு கருகும், அடுத்த டிசம்பரில் பறிக்கப் பழம் இருக்காது.

குட்டையில் தண்ணி இருந்தது, ஸ்பிரிங்ளரும் இருந்தது. ஏத்துறதுக்கு டீசல் மோட்டார்தான். கட்டுப்படியாகாம பாதித் தோட்டத்தைத்தான் நனைச்சோம். நனையாத பாதியில் இந்தத் தடவை கிடைச்சது பறிப்புக் கூலிக்கே தேறலை.

அதான் சோலார் பம்ப் போடலாம்னு பேச்செடுத்தேன். 2019-ல் வந்த பிஎம் குசும் திட்டத்தில் மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு 30 சதவீதம் மானியம். நம்ம ஊர்ல வேளாண்மைப் பொறியியல் துறை வழியா வருது. அப்பா சிரிச்சுட்டார். "ஏற்காட்டுல சோலாரா? ஜூன் பொறந்தா மூடுபனியில முன்னாடி நிக்கிற மாடே தெரியாதுடா."

வாஸ்தவம்தான். ஆனா எனக்குப் பம்ப் வேணுங்கிறது பிப்ரவரி, மார்ச்சில். அப்போ இங்கே வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். நமக்கு மூடுபனி கொண்டுவர்ற அதே தென்மேற்குக் காத்துதான் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காத்தாடியைச் சுத்துது. தமிழ்நாட்டில் காத்தாலை மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல இருக்கு. அதே பருவத்தில் காவிரியும் பெருகும். மேகமில்லாத நாளில் லேடீஸ் சீட்டில் நின்னா மேட்டூர் அணைத் தண்ணி மின்னுறது தெரியும், 1934-ல் கட்டி முடிச்சது. வெயிலுக்கு ராமநாதபுரம் கமுதி இருக்கு, 2016-ல் அங்கே 648 மெகாவாட் சோலார் போட்டாங்க. 2030-க்குள்ள நிலக்கரி, டீசல் இல்லாத மின்சாரத்தை 500 ஜிகாவாட்டுக்குக் கொண்டுவர்றதா 2021-ல் கிளாஸ்கோவில் இந்தியா சொன்னதும் இப்படிப் பல வழியில் பணம் போட்டுத்தான். காபி விலை விழுந்த வருஷம் எங்களை மிளகு காப்பாத்தலையா? (ராத்திரிக்கு என்ன பண்றதுன்னு கேப்பீங்க. நீலகிரியில் குந்தாவில் மிச்சக் கரண்டை வெச்சுத் தண்ணியை மேலே ஏத்தி, வேணுங்கிறப்ப இறக்கி மின்சாரம் எடுக்க 500 மெகாவாட்டுக்கு வேலை நடக்குது. நானும் மேல் தொட்டியை நிரப்பி வெச்சுக்குவேன், அவ்வளவுதான்.)

இதையெல்லாம் அப்பா பொறுமையாக் கேட்டார். அப்புறம் ஒரே கேள்வி: "சரி, எங்க வைப்பே?"

அங்கதான் மாட்டிக்கிட்டேன். 5 எச்.பி. மோட்டாருக்குக் கிட்டத்தட்ட 5 கிலோவாட் பேனல் வேணும், நிழல் ஆகாது. காபிக்கோ நிழல்தான் உயிர். தோட்டம் முழுக்க சில்வர் ஓக், ஒவ்வொரு மரத்திலயும் மிளகுக் கொடி. தாத்தா நட்டதை வெட்ட எனக்கும் மனசு வரலை. வெயில் முழுசா விழுற இடம் காபி காயப்போடுற களம் ஒண்ணுதான். பேனல் வேணுங்கிற பிப்ரவரியில் களத்திலயும் காபி இருக்கும்.

பல்பர் ஷெட் கூரை மேல போட்டா எப்படின்னு இப்ப ஒரு யோசனை. ரெண்டு மரத்துக் கிளையை மட்டும் கழிச்சா போதும் போல இருக்கு. அதுவும் கூரை நிழல் களத்தில் எவ்வளவு தூரம் விழுதுங்கிறதைப் பொறுத்தது. அப்பா நாலு நாளா சாயங்காலம் மூணு மணிக்கு ஒரு மூங்கில் குச்சியோட போய், நிழல் முடியுற இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டுட்டு வர்றார். இதுவரைக்கும் என்கிட்ட ஒண்ணும் சொல்லலை.