அம்மையார் இருவர் தொண்டு

சிராப்பள்ளிக் குன்றில் எழுந்தருளியுள்ள பெருமானுக்குத் தாயுமானவர் என்னும் திருப்பெயர் வந்த வரலாறு சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததே. கருவுயிர்க்கும் நாள் நெருங்கிய இரத்தினாவதி என்னும் பெண்ணுக்குத் துணையாதற்குப் புறப்பட்ட தாய், காவிரியின் பெருவெள்ளத்தால் அக்கரையில் தடைப்பட்டு நிற்ப, இறைவனே அத்தாயின் வடிவு தாங்கி வந்து, வெள்ளம் வடியுமளவும் உடனிருந்து வேண்டுவன செய்தனன் என்ப. இதனைக் கேட்போர் பெரும்பாலும் இறைவனது எளிமையை வியந்து அவ்வளவில் அமைவர். பேறுகாலத்துப் பணி இன்னதென்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. குருதி தோய்ந்த பாயலைச் சுருட்டுதலும், ஆடையை அலசுதலும், பெற்றவளைக் கழுவித் துடைத்தலுமே அப்பணி. உலகத்தார் தீட்டென்று ஒதுங்கும் இடத்தேதான் அப்பெருமான் வந்து நின்றனன்.

உதவி உரிய காலத்தில் வந்து சேராவிடின் பெண்டிர்க்கு நேர்வது யாதென்பதை ஆப்பிரிக்காவிலுள்ள எத்தியோப்பியா நாட்டில் காணலாம். மலைகளும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும் மிக்க அந்நாட்டின் ஊர்ப்புறங்களில் மருத்துவசாலைக்கு நெடுந்தொலைவில் வாழ்வார் பலர். மகவின் தலை வெளிப்படாது தடைப்பட்டு, நோவு இரண்டு மூன்று நாள் நீடிக்குமாயின், அத்தலை தாயின் நீர்ப்பையை இடுப்பெலும்போடு வைத்து நெருக்கும். இடைப்பட்ட தசை குருதி பெறாது அழுகும். மகவு பெரும்பாலும் இறந்தே பிறக்கும். சின்னாளில் அழுகிய தசை கழன்று வீழ்ந்து துளையுண்டாக, சிறுநீர் இரவும் பகலும் தானே ஒழுகும்; சிலர்க்கு மலமும் அவ்வாறே. மேனாட்டு மருத்துவர் இதனைப் பிஸ்டுலா என்பர். மகவை இழந்த துயரம் ஆறுமுன்னரே, நாற்றம்பற்றிக் கணவனால் விலக்கப்பட்டு, ஊராராலும் ஒதுக்கப்பட்டுத் தனிக்குடிலில் கிடந்து வருந்துவார் பலர்.

இஃது அறுவை மருத்துவத்தாற் பெரும்பாலும் தீர்க்கத்தக்க நோயே. அம்முறையை வகுத்துப் புகழ்பெற்றவர் அமெரிக்க நாட்டுச் சிம்ஸ் என்பவர். 1845 முதல் 1849 வரை அலபாமாவில் அடிமைப் பெண்டிரை மயக்கமருந்தின்றிப் பலமுறை அறுத்தே அவர் அதனைக் கண்டனர். அனார்க்கா, லூசி, பெட்சி என்னும் மூவர் பெயர் மட்டும் நூல்களில் எஞ்சியுள்ளன. அக்கலையால் நலம்பெறும் உலகம் சிம்ஸுக்குச் சிலை நாட்டியது. அவர்களை நினையாது நெடுங்காலம் இருந்தது.

ரெஜினால்டு ஹாம்லின் நியூசிலாந்தைச் சேர்ந்தவர். அவர் மனைவியார் காதரீன் ஹாம்லின் ஆஸ்திரேலியாவிற் பிறந்தவர். மகப்பேற்று மருத்துவராகிய இவ்விருவரும் 1959-இல் தம் இளமகனுடன் எத்தியோப்பியாவின் தலைநகராகிய அடிஸ் அபாபாவுக்கு வந்தனர். மருத்துவச்சியரைப் பயிற்றுவித்தற்கு மூன்றாண்டு அளவில் அமைந்தது அவர் ஒப்பந்தம். இந்நோயை அவர் முன்னர்க் கண்டதில்லை. வாயிலில் வந்து நின்ற பெண்டிரைக் கண்டபின், நூல்களை ஆராய்ந்தும், அறிந்தாரை வினவியும் அவ்வறுவையைக் கற்றனர். 1974-இல் இந்நோய்க்கென்றே தனி மருத்துவசாலை ஒன்றை நிறுவினர். அவ்வாண்டிலேயே பேரரசர் அரசிழக்க, படையினர் ஆட்சி தொடங்கிற்று. அயல்நாட்டார் பலர் வெளியேறினர், இவர்கள் வெளியேறவில்லை. கணவர் 1993-இல் காலமானபின்னும் அம்மையார் அங்கேயே இருந்து, 2020 மார்ச்சில் தமது 96-ஆம் அகவையில் அந்நகரிலேயே உயிர்நீத்தனர். மூன்றாண்டுக்கு வந்தவர் அறுபதாண்டு தங்கினர். அதற்குள் அம்மருத்துவசாலையிலும் அதன் கிளைகளிலும் பொருள் கொள்ளாது மருத்துவம் செய்யப்பெற்ற பெண்டிர் அறுபதினாயிரவர்க்கு மேற்படுவர்.

இக்காலத்துத் தொண்டு செய்தற்கென்று அயல்நாடு செல்வார் பலர். சில கிழமை தங்கி மீள்வாரும் உளர். அவர் நல்லெண்ணத்தைக் குறைகூற வேண்டுவதில்லை. ஆயினும், மொழி விளங்காது, வெட்கத்தால் முகம் மறைத்துக் கிடக்கும் ஒரு பெண்ணின் அருகில் அமர்ந்து ஆற்றுதல் சில கிழமையிற் கைவருவதன்று. அம்மருத்துவசாலையில் அதனைச் செய்வார் பெரும்பாலும் யாவரெனின், முன்னர் அந்நோயோடு வந்து அங்கே நலம்பெற்ற பெண்டிரே.

அவருள் ஒருவர் மாமிட்டு காஷே என்னும் அம்மையார். இளமையிலேயே மணம் முடிக்கப்பெற்று, நாள்பல நோவுற்று மகவை இழந்து, 1962-இல், தம் பதினாறாம் அகவையில், ஹாம்லின் இணையரிடம் கொணரப்பெற்றனர். பன்முறை அறுவை செய்தும் அவர் நோய் எளிதில் தீர்ந்திலது. ஊர் மீளாது அங்கேயே தங்கிப் படுக்கை விரித்தார். பின்னர் அறுவைக்கூடத்தில் நோயாளியின் கையைப் பற்றி நின்றார். பின்னர்க் கருவிகளை எடுத்துக் கொடுத்தார். நாளடைவில் தாமே கத்தியைக் கையிற்கொண்டார். பள்ளியிற் பயின்றறியாத அவ்வம்மையாரிடம் பட்டம்பெற்ற மருத்துவர்கள் வந்து இவ்வறுவையைக் கற்றனர். 1989-இல் இலண்டன் மாநகரத்து அரச அறுவை மருத்துவர் கழகம் அவருக்குத் தங்கப்பதக்கம் அளித்தது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்னும் சித்தாந்த உண்மைக்கு வேறு எடுத்துக்காட்டுத் தேடவேண்டுவதில்லை. திருநாவுக்கரசருக்குச் சூலைநோயே தொண்டுக்கு வாயிலாயிற்று என்று கொண்டாடும் சைவர்க்கு இது புதிதன்று.

அற்றேல், கிறித்தவ நெறியினர் செய்த தொண்டைச் சைவர் போற்றுதல் யாங்ஙனம் பொருந்துமெனின், எத்தெய்வத்தை வழிபடினும் அதனை ஏற்று அருள்பவன் மாதொருபாகனே என்பது சித்தியாரின் துணிபு. பெண்ணைத் தன் உடம்பிற் பாதியாக வைத்தவனுக்கு உகந்த பணி எந்நாட்டில் நிகழ்ந்தாலும் அவன் பணியேயாம்.

தடை வேறோரிடத்து உளது. யாக்கையை ஒன்பது வாயிற் குடிலென்று சைவப் பெரியோர் இகழ்ந்தது அதன்மேல் வைத்த பற்றினை அறுத்தற்கேயன்றி, நோயுற்றாரை அருவருத்தற்கன்று. எல்லார் உடம்பும் ஒழுகுவதே. ஒருத்திக்கு வாயில் ஒன்று மிகுந்ததென்று அவளை வீட்டினின்றும் விலக்குவோர், தம் உடம்பினை மட்டும் தூயதென்று கருதினராவர். ஆணவமலம் உயிரைப் பற்றியது, நீராடினும் போகாதது. ஈன்றவளைத் தொட்ட மருத்துவச்சியைத் திண்ணையிலே நிறுத்திக் கூலி எறிந்த வழக்கம் தமிழ்நாட்டுச் சைவ இல்லங்களிலும் இருந்ததே. தாயுமானவர் கதையை அவ்வில்லங்களில் ஓதாமலும் இருந்திலர்.

முற்றும் நலம்பெற இயலாதாரும் உளர். அவர்க்கென அடிஸ் அபாபாவுக்கு அண்மையில் தெஸ்தா மெந்தர், அஃதாவது மகிழ்ச்சியூர், என்னும் குடியிருப்பு அமைந்துள்ளது. 2007-இல் மருத்துவச்சியர் கல்லூரி ஒன்று தொடங்கப்பெற்றது. ஊர்ப்புறத்துப் பெண்களையே தேர்ந்து நான்காண்டு கற்பித்துத் தத்தம் பகுதிக்கே திருப்பி அனுப்புகின்றனர். தடைப்பட்ட பேற்றைக் காலத்தே கண்டறிந்து, அறுவைக்கூடம் உள்ள இடத்துக்குத் தாயை விடுத்தல் அவர் கடமைகளுள் ஒன்று. 1959-இல் ஹாம்லின் இணையர் வந்ததும் இப்பயிற்சிக்கே.